முதலில் மஞ்சளை விரட்டுங்கள்

உப்பைக் கம்பி நுனியில் எடுத்துச் சுடரில் காட்டி, எழும் நிறத்தைக் கொண்டு அதிலுள்ள தனிமத்தை அறிவதுதான் சுடர்ச் சோதனை. பொட்டாசியம் குளோரைடைச் சுடரில் காட்டினால் கத்தரிப்பூ நிறம் வரவேண்டும். பெரும்பாலும் வருவது மஞ்சள். உப்பில் கோளாறு இல்லை, கம்பியில் ஒட்டியிருக்கும் சோடியம்தான் காரணம். சோடியம் 589 நானோமீட்டர் அலைநீளத்தில், கண் நன்றாக உணரும் இடத்தில் பளீரென்று ஒளிர்கிறது. பொட்டாசியத்தின் சிவப்புக் கோடுகளோ 766, 770 அருகே, பார்வையின் விளிம்பில் கிடக்கின்றன. விரல் வியர்வை பட்டாலே மஞ்சள் எல்லாவற்றையும் மூடிவிடும்.

நைக்ரோம் (நிக்கல், குரோமியக் கலவை) கம்பியின் நுனியை 3 மில்லிமீட்டர் வளையமாக வளையுங்கள். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்து, பன்சன் அடுப்பின் நீலச் சுடரில் செக்கச் சிவக்கக் காய்ச்சுங்கள். மஞ்சள் எழும். மறுபடி அமிலம், மறுபடி சுடர். ஐந்தாறு முறைகூட ஆகலாம். சுடர் நிறம் மாறாமல் நிற்கும்வரை உப்பைத் தொடவேண்டாம். அமிலத்தைக் கடிகாரக் கண்ணாடி எனும் சிறு கண்ணாடித் தட்டில் சில துளிகள் மட்டும் எடுங்கள். புட்டிக்குள் கம்பியை விட்டால் மொத்த அமிலமும் கெட்டுப்போகும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

அமிலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. கார்பனேட்டைக் குளோரைடாக்குகிறது, குளோரைடு எளிதில் ஆவியாகிச் சுடரில் கலக்கும். எனவே ஈரக் கம்பியில் உப்பைக் கடுகளவு ஒட்டி, சுடரின் வெளி ஓரத்தில் பிடியுங்கள்.

கால்சியம் செங்கல் சிவப்பு. பேரியம் மெதுவாகத்தான் எழும், மஞ்சள் கலந்த பச்சை. அவசரப்பட்டுக் கம்பியை எடுத்தால் தவறிவிடும். போரான் கிளிப்பச்சை. தாமிரம் சல்பேட்டாக இருந்தால் பச்சை, அமிலத் துளி பட்டதும் மயில்கழுத்து நீலம்.

உண்மையில் குழப்புவது லித்தியமும் ஸ்ட்ரான்சியமும். இரண்டும் கருஞ்சிவப்பு, வெறுங்கண்ணை நம்பாதீர்கள். ஒளியை நிறவாரியாகப் பிரித்துக் காட்டும் கை நிறமாலைக்காட்டியில் லித்தியம் 671 நானோமீட்டரில் ஒற்றைச் சிவப்புக் கோடாகத் தெரியும். ஸ்ட்ரான்சியத்துக்குச் சிவப்பில் பல பட்டைகள், கூடவே 461-இல் ஒரு நீலக் கோடு. இப்படிப் புதுக் கோடுகளைக் கண்டுதான் ஜெர்மன் அறிவியலாளர்கள் பன்சனும் கிர்க்காஃபும் 1860-இல் சீசியத்தையும் 1861-இல் ருபிடியத்தையும் பிடித்தார்கள்.

பொட்டாசியத்துக்குக் கோபால்ட் நீலக் கண்ணாடி போதும். அது மஞ்சளை விழுங்கிவிடும், ஊதா கலந்த சிவப்பு மட்டும் தெரியும்.

வண்ணச் சுடர் காட்ட மெத்தனாலைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொளுத்தும் வழக்கத்தை அடியோடு விடுங்கள். சுடர் அணைந்ததென்று புட்டியைச் சாய்த்தால் ஆவி வழியே தீ உள்ளே பாய்ந்து, எதிரே இருப்பவர்மேல் பீய்ச்சியடிக்கும். பலர் வெந்திருக்கிறார்கள். அதற்குப் பதில் மரக்குச்சிகளை உப்புக் கரைசலில் இரவு முழுக்க ஊறவிட்டுச் சுடரில் காட்டலாம். காய்ச்சி வடித்த நீரில்தான் கரைக்கவேண்டும். குச்சி பற்றத் தொடங்கியதும் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். மரம் எரிந்தால் அதன் மஞ்சள் வந்துவிடும்.