வாரம் ஒரு ஊசி: பாலக்கோட்டிலிருந்து ஒரு அனுபவம்

"அந்த ஊசி கொழுப்பைக் கரைச்சிடுமாமே?" சர்க்கரை நோய் உள்ள நான் எடை குறைய வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறேன்; பாலக்கோட்டில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள். கரைக்காது. பசியைக் குறைக்கும். குறைவாகச் சாப்பிடுவதால்தான் எடை இறங்குகிறது.

நான் போடுவது டிர்செபடைட். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தது. சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1, ஜிஐபி என்று இரண்டு ஹார்மோன்கள் சுரக்கும். சாப்பாடு வந்துவிட்டது என்று கணையத்துக்கும் மூளைக்கும் தெரிவிப்பவை அவை. உடம்பில் சுரக்கும் ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும். ஊசி மருந்தோ அதே வேலையை ஒரு வாரம் செய்கிறது. இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, "இன்னும் கொஞ்சம்" என்ற நினைப்பே வருவதில்லை. பதினோரு மணிக்குப் பலகாரம் தேடிப் போகிற பழக்கம் தானாக நின்றது எனக்கே ஆச்சரியம்.

கேட்டவுடன் யாரும் எழுதித் தந்துவிடவில்லை. தருமபுரியில் நான் பார்க்கும் சர்க்கரை டாக்டர் முதலில் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்ணைக் கணக்குப் போட்டார். 30க்கு மேல் இருக்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாதிரி தொல்லை இருந்தால் 27 போதும். அப்புறம் கேள்விகள்: குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா, கணையம் வீங்கியதுண்டா, பித்தப்பைக் கல் உண்டா, குழந்தை பெறும் எண்ணம் உண்டா. சர்க்கரைக்காக நான் விழுங்கிக்கொண்டிருந்த கிளிமிபிரைடு மாத்திரையைப் பாதியாக்கினார். "ரெண்டையும் முழுசா போட்டா சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும்மா" என்றார். இணையத்தில் பார்த்துத் தானாக வாங்கிப் போடுகிறவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது.

விலை? அறிமுகமானபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375. வாரம் ஒன்று. "நகைச்சீட்டே கட்டியிருக்கலாம்" என்றார் வீட்டுக்காரர்.

முதல் நாலு வாரம் 2.5. அது உடம்பைப் பழக்கத்தான், எடைக்காக இல்லை. 5க்கு ஏற்றிய வாரம்தான் சோதனை. வடைச்சட்டி வாசனைக்கே குமட்டும், மலச்சிக்கல் வேறு. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, எண்ணெயைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டியதும் சரியானது. முதுகுக்குப் பரவுகிற மாதிரி கடுமையான வயிற்றுவலி வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. அதனால் ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வைப்பதில்லை. 30 டிகிரிக்குள் என்றால் 21 நாள் வரை வெளியே இருக்கலாம் என்கிறார்கள். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் 30 டிகிரிக்கு எங்கே போவது? தருமபுரியிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஐஸ் ஜெல் வைத்த டப்பாவில்தான் எடுத்து வருகிறேன்.

எடையோடு தசையும் குறையும் என்பதால் புரதத்தை டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். ராகி களி உருண்டை பாதியானது. முட்டையும் மொச்சைக் குழம்பும் கொள்ளுக் கடையலும் கூடின. அம்மாவுக்குக் கொண்டாட்டம்: "கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு ஓசியிலயே சொன்னேனே கண்ணு, கேட்டியா?"

எதிர்பார்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2022இல் வெளியான பெரிய ஆய்வில் 72 வாரத்தில், அதிகபட்ச 15 மில்லிகிராம் போட்டவர்களுக்குச் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு எடை குறைந்தது. அது சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் செய்தது. சர்க்கரை இருந்தால் அவ்வளவு இறங்காது. எனக்கும் மெதுவாகத்தான் இறங்குகிறது, ஆனால் மாடிப்படியில் முழங்கால் வலி விட்டுப்போனது நிஜம். நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். வேறொரு ஆய்வில் நடுவில் மருந்தை நிறுத்தியவர்களுக்கு, இழந்த எடையில் பாதிக்கு மேல் ஒரு வருடத்தில் திரும்பியிருக்கிறது. அதனால் இப்போதைக்கு 5லேயே தொடர்கிறேன். அடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு 7.5க்கு ஏற்றலாமா என்று டாக்டர் முடிவு செய்வார்.