கடைமடைக்கு எட்டாது

"கடைமடைக்கு எட்டாது அண்ணாச்சி." சர்க்யூட் படத்தின் அடியில் மொத்தக் கரன்ட்டையும் இழுக்கும் டெயில் டிரான்சிஸ்டரைப் பேனா முனையால் தொட்டுக்கொண்டுதான் கூட வேலை பார்க்கும் தம்பி சொன்னான்.

"கரன்ட் என்ன தண்ணியா தம்பி, போகப்போகக் குறையதுக்கு? மேல எவ்வளவோ அதேதான கீழயும்." இது என் பதில். சரியான பதில்தான். அதுதான் உறுத்துகிறது.

படத்தில் இருந்தது 1.2 வோல்ட்டில் ஓடும் மூன்று இன்புட் சி.எம்.எல். ஆண்ட். சி.எம்.எல். என்றால் கரன்ட் மோட் லாஜிக்: கரன்ட்டை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சாய்த்து 0, 1 காட்டுவது. ஆண்ட் என்றால் எல்லா இன்புட்டும் 1 ஆனால்தான் அவுட்புட் 1. மூன்று டிஃபரென்ஷியல் ஜோடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக. அடியில் 400 மைக்ரோஆம்பியர் டெயில், தலையில் பக்கத்துக்கு 750 ஓம். பெருக்கினால் ஸ்விங் 0.3 வோல்ட். த்ரெஷோல்ட் (டிரான்சிஸ்டர் திறக்கத் தொடங்கும் வோல்ட்டேஜ்) 0.35, ஓவர்டிரைவ் (கரன்ட் ஓட அதற்கு மேல் வேண்டியது) 0.2, ஆக ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் கேட்டிலிருந்து சோர்ஸுக்குள் 0.55 விழுங்கும். ஒரு ஜோடியின் முழுக் கரன்ட்டும் ஒரே பக்கம் சாய 0.2 வோல்ட் வித்தியாசம் வேண்டும். மிச்சம் 0.1 கையிருப்பு.

மேல் ஜோடியின் கேட் 1.2 என்றால் சோர்ஸ் 0.65. நடு ஜோடிக்கு 0.2 இறக்கி 1.0 கொடுத்தால் சோர்ஸ் 0.45. அடி ஜோடிக்கு 0.8, சோர்ஸ் 0.25. டெயில் சாச்சுரேஷனில், அதாவது கரன்ட்டை நிலையாகத் தரும் நிலையில், நிற்க 0.2 போதும். 0.05 மிஞ்சுகிறது என்று நான் காட்டியது இந்தக் கணக்கைத்தான்.

அந்த 0.2, 0.4 இறக்கமும் சும்மா கிடைக்காது. சோர்ஸ் ஃபாலோவர் (கேட்டில் வாங்கிச் சோர்ஸில் தரும் டிரான்சிஸ்டர்) போட்டால் 0.55 முழுதாக விழும். இங்கே அது கூடாது. அதனால் இந்த இன்புட்டைத் தரும் முந்தின லாஜிக் கேட்டின் இரண்டு லோடுகளுக்கும் மேலே பொதுவாக ஒரு ரெசிஸ்டர்: 500 ஓம் வைத்தால் 0.2, 1 கிலோஓம் வைத்தால் 0.4. ஆனால் 0.4 இறக்கிய கேட்டின் அவுட்புட் 0.5 வரை தாழும். அதன் மேல் டிரான்சிஸ்டர் சாச்சுரேஷனில் இருக்க டிரெயினில் 0.85 வேண்டும். சாச்சுரேஷன் போய் டிரையோடு நிலைக்குள் விழுந்து அந்த லாஜிக் கேட்டே மந்தமாகிவிடும். இது எனக்கு அன்றைக்கே தெரியும். "சமாளிச்சிக்கலாம்" என்று தாண்டிவிட்டேன்.

கார்னர் ஓட்டம், அதாவது மோசமான நிலைமைகளை வைத்து விடும் சிமுலேஷன், பிறகு வந்தது. ஸ்லோ, மைனஸ் 40 டிகிரி, சப்ளை பத்து சதவீதம் குறைந்து 1.08. பாளையங்கோட்டை வெயிலில் உட்கார்ந்து மைனஸ் 40-க்கு டிசைன் பண்ணுவது வேடிக்கைதான். ஆனால் சிப் எங்கே போகும் என்று நமக்குத் தெரியாது. குளிரில் த்ரெஷோல்ட் ஏறும், டிகிரிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட். 0.42 என்று வைத்தால் ஒரு டிரான்சிஸ்டரின் இறக்கம் 0.62. அடி ஜோடியின் கேட் 0.68. டெயிலுக்கு மிஞ்சுவது 0.06.

உடனே எல்லாம் செத்துவிடாது. கரன்ட் குறையும், ஓவர்டிரைவும் கூடவே குறையும், சோர்ஸ் கொஞ்சம் ஏறும், எங்கோ ஓரிடத்தில் நிலைகொள்ளும். ரெப்ளிகா பயாஸ் (மாதிரிக் கேட் ஒன்றைப் பார்த்துக் கரன்ட்டைத் திருத்தும் சர்க்யூட்) இருந்தால் டெயிலின் கேட்டைத் தூக்கிக் கரன்ட்டை மீட்கப் பார்க்கும். மீட்டாலும் அது கரன்ட் சோர்ஸாக இருக்காது, வெறும் ரெசிஸ்டர். சப்ளை நாய்ஸ் நேரே உள்ளே வரும்.

தாமிரபரணிக்கு எட்டு அணைக்கட்டு, கடைசி ஸ்ரீவைகுண்டம். "எட்டாது" என்ற தம்பி அதன் தென்கால் (தெற்குக் கால்வாய்) பாசனத்து ஊர்க்காரன். மூன்று அடுக்கிலும் கரன்ட் ஒன்றுதான் என்று நான் சொன்னது சரி. ஆனால் கடைமடைக்காரன் "எட்டாது" என்றால் அளவை மட்டுமா சொல்வான்? வாட்டம், அதாவது சரிவு, இல்லாவிட்டால் கால்வாய் நிறையத் தண்ணீர் நின்றாலும் வயலுக்கு ஏறாதே. அவன் சொன்னது வாட்டத்தை, அதாவது வோல்ட்டேஜை, என்று இப்போது படுகிறது. அன்று அவனும் அப்படித்தான் நினைத்தானா, நானாக ஏற்றிச் சொல்கிறேனா என்பது தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

கடைசியில் இரண்டு இன்புட் ஆண்ட் இரண்டாக உடைத்தோம். ஈரடுக்கில் அதே கார்னரில் அடிக் கேட் 0.88, டெயிலுக்கு 0.26. தாராளம். ஆனால் கரன்ட் 800 ஆனது, ஒரு ஸ்டேஜ் கூடியது. 750 ஓமும் 40 ஃபெம்டோஃபாரடும் என்றால் கூடும் தாமதம் சுமார் 20 பிக்கோசெகண்ட். மூன்றடுக்கைப் பிடித்துக்கொண்டு நான் நின்றது இந்த இருபதுக்காகத்தான். அதிலும் பாதி ஏமாற்று: அடி இன்புட் மாறினால் மேலே இரண்டு உள் நோடுகளை நிரப்பிவிட்டுத்தான் அவுட்புட் அசையும். ஒரு அவுட்புட் நோடில் மூன்று டிரெயின், எதிரில் ஒன்றே ஒன்று. அதைச் சரிக்கட்ட டம்மி டிரான்சிஸ்டர் போட்டால் கபாசிட்டன்ஸ் இன்னும் ஏறும். இரண்டாக உடைத்தால் பிந்தி வரும் சிக்னலை இரண்டாவது ஆண்டின் மேல் ஜோடிக்குக் கொடுத்துவிடலாம். இருபதில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

இருந்தாலும் மூன்றடுக்கு முழுத் தப்பு என்று எழுத மனம் வரவில்லை. அகலத்தை நான்கு மடங்காக்கினால் ஓவர்டிரைவ் 0.1 ஆகும், 0.06 என்பது 0.16 ஆகும், கபாசிட்டன்ஸ்தான் நான்கு மடங்கு. லோ த்ரெஷோல்ட் டிரான்சிஸ்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. எப்போதும் கரன்ட் ஓடும் கேட்டில் லீக்கேஜைப் பற்றி என்ன கவலை? கூடுதல் மாஸ்க்குக்குத்தான் காசு. போன வாரம் வேறொரு பிளாக்கில் இதே பேச்சு வந்தபோது பழைய ஃபைலைத் திறந்து டிப்பிக்கல், 27 டிகிரி, 1.2 வோல்ட்டில் ஒரு ஓட்டம் விட்டேன். அழகாக வேலை செய்கிறது.