லைன் ஓடட்டும், அப்புறம் சாப்பாடு

பராமரிப்புப் பிரிவில் நான் மேற்பார்வையாளராக இருந்தபோது நடந்தது. ஷட்டவுன் வேலை, அதாவது இயந்திரங்களை நிறுத்திவைத்துச் செய்யும் பழுதுபார்ப்பு. ஒரு பெரிய பம்பின் பேரிங்கை மாற்றி, பம்பையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளிங்கை அலைன்மென்ட் செய்து, அதாவது இரண்டின் தண்டுகளையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து, மாலைக்குள் உற்பத்தி லைனை ஓட்டியாக வேண்டும். காலையிலேயே மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு, "லைன் ஓடின பிறகுதான் சாப்பாடு. நான் மேலே வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றார். அந்த உத்தரவுக்குப் பகல் முழுக்கக் காவல் நின்றவன் நான். கேன்டீன் பக்கம் நகர்ந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன்.

சில வருடங்கள் கழித்து பைபிளில் 1 சாமுவேல் 14ஆம் அதிகாரத்தை வாசித்தபோது அந்தப் பகல் திரும்ப வந்தது. சவுல் ராஜாவோடு இருந்தவர்கள் சுமார் 600 பேர். சவுலையும் அவர் மகன் யோனத்தானையும் தவிர யாரிடமும் வாளோ ஈட்டியோ இல்லை. அந்த நிலையில் யோனத்தான் தன் ஆயுததாரியோடு செங்குத்துப் பாறையில் கையும் காலும் ஊன்றி ஏறி, எதிரிகளான பெலிஸ்தரில் ஏறக்குறைய 20 பேரை வீழ்த்துகிறான். எதிரி பாளயம் கலங்கி ஓடுகிறது. இப்படி ஜெயித்துக்கொண்டிருக்கிற நாளில்தான் சவுலின் ஆணை: சாயங்காலம் வரை, நான் என் சத்துருக்களிடம் பழிவாங்கும் வரை, சாப்பிடுகிறவன் சபிக்கப்பட்டவன். அந்த 'நான்', 'என்' இரண்டையும் கவனியுங்கள். சண்டை போட்டது ஊர். சபதம் மட்டும் அவருடையது.

காட்டுக்குள் தேன் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒருவனும் கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஆணையைக் கேட்டிராத யோனத்தான் மட்டும் கோல் நுனியால் தேன்கூட்டைக் குத்தி எடுத்துச் சுவைத்தான். அவன் கண்கள் தெளிந்தன. இதை நான் அப்படியே நம்புகிறேன். நாள் முழுக்க ஓடினால் கல்லீரலில் சேர்த்துவைத்த சர்க்கரை வற்றிவிடும். கை நடுங்கும், பார்வை மங்கும். தேனில் பெரும்பகுதி குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான், சீக்கிரமே ரத்தத்தில் கலந்துவிடும். உடனே ஒருவன் வந்து, உங்கள் தகப்பனார் ஆணையிட்டிருக்கிறாரே என்கிறான். அவனும் பசியில்தான் இருந்தான். நான் அந்த ஆள்.

கி.மு. 218இல் திரேபியா ஆற்றங்கரையில் ரோமானியத் தளபதி செம்ப்ரோனியஸும் காலை உணவு சாப்பிடாத படையைக் குளிர்ந்த ஆற்றில் இறக்கினார். எதிரே கார்த்தேஜ் தளபதி ஹானிபாலின் ஆட்கள் சாப்பிட்டு, தீக் காய்ந்துவிட்டு நின்றார்கள். ரோமானியர்கள் தோற்றார்கள். ஆனால் அது அவசரம். சவுல் பசியையே விரதமாக்கினார். அவசரக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாம். சத்தியம் செய்தவரிடம் யார் போய்ச் சொல்வது?

எங்கள் பிட்டர் நல்ல கைக்காரர். மூன்று மணிக்கு மேல் அலைன்மென்ட்டை அளக்கும் டயல் கேஜின் ரீடிங்கைத் தப்பாகப் படித்தார். அலைன்மென்ட்டை முதலிலிருந்து செய்தோம். சாப்பாட்டுக்கு விட்டிருந்தால் அரை மணி நேரம் போயிருக்கும்; இதில் இரண்டரை மணி நேரம் போனது.

மிக்மாஸ் தொடங்கி ஆயலோன் வரை துரத்திய பிறகு, பொழுது சாய்ந்ததும் சவுலின் ஆட்கள் கொள்ளையில் கிடைத்த ஆடுமாடுகள் மேல் பாய்ந்து, தரையிலேயே அடித்து, ரத்தத்தோடு தின்றார்கள். தேனைத் தொடாமல் ராஜாவின் ஆணையைக் காத்தவர்கள், ரத்தத்தோடு தின்னக்கூடாது என்ற, அதைவிடப் பெரிய கட்டளையை மீறினார்கள். எங்களிடமும் அதே கதைதான். இரவு லைன் ஓடியதும் எல்லோரும் கேன்டீனுக்கு ஓடினோம். சுழலும் கப்ளிங்கை மூடும் பாதுகாப்பு கார்டை மாட்டிய பிட்டர் போல்ட் போடாமல் வந்துவிட்டார். நான் போய்ப் பார்க்கவும் இல்லை. நைட் ஷிப்ட் ஆள் கண்டுபிடித்தார்; நல்லவேளை, யார் கையும் சிக்கவில்லை.

மறுநாள் விசாரணை. பசியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சவுலும் அப்படித்தான், குற்றவாளி யார் என்று சீட்டுப் போட்டார். யோனத்தான் பேரில் விழுந்தது. சாகத்தான் வேண்டும் என்றார். ஜனங்கள் குறுக்கே நின்று அவனைக் காப்பாற்றிவிட்டார்கள்.

எங்கள் பிட்டருக்குக் குறுக்கே நிற்க ஆள் இல்லை. அவருக்குக் கொடுத்த மெமோவின் கீழே மேற்பார்வையாளர் கையெழுத்து என்னுடையது.