பாட்டும் தண்ணீரும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் அம்மா கண்ணயர்ந்துவிடுவார். அந்தத் தைரியத்தில்தான் ‘ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி’ படத்தைப் போட்டு உட்கார்ந்தேன். 1933-இல் வந்த ஹாலிவுட் கௌபாய் படம். கதாநாயகன் ஜான் வெய்னுக்கு அப்போது 26 வயது. பாட்டுப் பாடும் கௌபாயாக, ‘சிங்கிங் சாண்டி’ என்று பேர் வைத்துக்கொண்டு வருகிறார்.

“மோட்டார் போட்டிருக்கேன், டேங்க் நிறைஞ்சதும் நிறுத்திடு” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போன அம்மா, பாட்டுச் சத்தம் கேட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

வெள்ளைக் குதிரை மேல் உட்கார்ந்து கிடாரோடு ஆள் பாடிக்கொண்டு வருகிறார். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “குரல் இவனோடது இல்லடா. இவன் கிடாரை வாசிக்கல, சும்மா சொறிஞ்சு குடுக்கறான்.”

உண்மைதான். வெய்னுக்குப் பாட வராது. வேறொருவர் குரலைத்தான் சேர்த்தார்கள். பேசும்போது ஒரு குரல், வாயைத் திறந்து பாடினால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இன்னொரு கனத்த குரல். பின்னணிப் பாட்டிலேயே வளர்ந்த காது, விடுமா?

அதைவிடக் கூத்து துப்பாக்கிச் சண்டைக்குப் போகும் இடம். எதிரில் பேர்போன கொலைகாரன் நிற்கிறான். நம்மாள் தெருவில் நிதானமாக நடந்துகொண்டே, இன்றைக்கு ரத்தம் ஓடும் என்ற கருத்தில் பாடுகிறார், அதுவும் தாலாட்டு ராகத்தில்! அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

ஆனால் கதை பிடிபட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஊர்த் தண்ணீரையெல்லாம் ஒருவன் வளைத்துப்போட்டுக்கொண்டு, பண்ணைக்காரர்களைப் பிழிகிறான். “அட, லாரித் தண்ணிக்காரன்!” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் அது கௌபாய் படமே இல்லை. “எழுதிக் குடுக்காதே, கையெழுத்துப் போடாதே” என்று பண்ணைக்காரர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் வில்லன் ஏமாந்து, பண்ணைக்காரர் ஒருவருடைய கிணற்றைத் தானே வெடி வைத்துத் தகர்க்கிறான். பூமிக்கடியிலிருந்த தண்ணீர் பீறிட்டுக் கிளம்பி ஊருக்கெல்லாம் ஓடுகிறது. “அப்படிப் போடு!” என்று அம்மா கை தட்டிய அதே நேரம் வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டு அக்கா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

“உங்க டேங்க் அரைமணியா வழியுது. கொடியில காயப்போட்ட என் போர்வை திரும்பத் தொப்பல்.”

நான் மொட்டைமாடிக்கு ஓடி, எட்டிப் பார்த்து, மறுபடி இறங்கி வந்து மோட்டாரை நிறுத்தினேன். முழங்கால் வரை ஈரம். அம்மா டிவியிலிருந்து பார்வையை எடுக்கவே இல்லை. “படத்துல நிஜமாவே பாடற கௌபாய் யாரும் கிடையாதா?”

இருக்கிறாரே, ஜீன் ஆட்ரி. ரயில்வேயில் தந்தி அடித்துக்கொண்டிருந்தவர். ரேடியோவில் பாடிப் பேர் வாங்கி, 1935-இல் ‘டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்’ படத்தில் கதாநாயகன் ஆனவர். அதைப் போட்டேன்.

“ம்… இவனுக்கு வாயும் பாட்டும் ஒண்ணாப் போகுது” என்றார். இரண்டாவது பாட்டு வருவதற்குள் குறட்டை.