ஓட்டும் முறை சரியில்லை என்றார்கள்: ஒரு கியர்பாக்ஸ் புகார் முடிந்த விதம்

புது எஸ்யூவி வாங்கி ஒரு வருடம் முடிவதற்குள் கியர்பாக்ஸ் மக்கர் பண்ண ஆரம்பித்தது. டீலர், கம்பெனி, ஹெல்ப்லைன், வக்கீல் நோட்டீஸ் என்று ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சமரசமாக முடிந்தது. அதே மாடல் வைத்திருப்பவர்கள் வாட்ஸ்அப்பில் அடிக்கடி கேட்பதால், மொத்தத்தையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். பெயரைக் குறிப்பிடக் கூடாது என்று சமரசப் பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது, அதன் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

வண்டி டர்போ பெட்ரோல். ஏழு கியர், டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக். "மைலேஜும் வரும், கியர் மாறுறதே தெரியாதுங்க" என்று சொல்லித்தான் விற்றார்கள். நெடுஞ்சாலையில் இரண்டுமே உண்மை. உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு ஆகிய கியர்கள் ஒரு கிளட்சில். இரண்டு, நான்கு, ஆறு, ரிவர்ஸ் இன்னொன்றில். ஒரு கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கியர் மற்ற பக்கம் தயாராக நிற்கும். இதில் எண்ணெயில் முங்கியது, உலர்ந்தது என்று இரண்டு வகை. முதல் வகையில் கிளட்ச் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொண்டு போய்விடும். என்னுடையது உலர் வகை, காற்றுதான் கதி. ஊர்ந்து போகும் நெரிசலில் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் பாதி வழுக்கிக்கொண்டே இருக்கும். மேனுவல் வண்டியை ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சில் பிடித்து வைத்தால் கருகல் வாடை வருமே, அதே சங்கதிதான். என்ன, அங்கே தப்பு நம் காலுடையது. இங்கே கிளட்சை மிதிப்பது கம்ப்யூட்டர்.

அப்போது கோவை அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை மேம்பால வேலை நடந்துகொண்டிருந்தது. அந்தப் பத்து கிலோமீட்டரைச் சாயங்காலம் கடந்தவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. முதலில் ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறும்போது லேசான நடுக்கம். அப்புறம் நின்று நகரும்போதெல்லாம் உதறல். அப்புறம் திரையிலேயே எச்சரிக்கை வந்தது: கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, ஓரமாக நிறுத்தவும்.

சர்வீஸ் சென்டருக்குக் காலையில் கொண்டுபோய் விட்டேன். ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் பதினொரு மணிக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு சர்வீஸ் அட்வைசர் சொன்னார்: "வண்டி நல்லாத்தான் இருக்குதுங்க சார். ட்ராஃபிக்ல பிரேக்கை லேசா விட்டு விட்டு ஓட்டுறீங்க போல, அதான்." ஜாப் கார்டை, அதாவது புகாரையும் செய்த வேலையையும் அவர்கள் எழுதும் சீட்டை, வாங்கிப் படித்தேன். என் புகார் இருக்க வேண்டிய இடத்தில் 'பொதுப் பரிசோதனை' என்று இருந்தது. செய்த வேலை என்ற இடத்தில் 'ஓட்டும் முறை வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது' என்று இருந்தது.

இந்த இரண்டாவது வரி நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு கம்பெனியின் ஃபோகஸ், ஃபியஸ்டா, ஈகோஸ்போர்ட் வண்டிகளில் இருந்த பவர்ஷிஃப்ட் டூயல் கிளட்ச் பற்றி ஏகப்பட்ட புகார்கள் வந்தன. உதறலுக்கு ஓட்டுகிறவர்தான் காரணம் என்று பலருக்கும் பதில் சொல்லியிருந்தார்கள். அந்த நாட்டின் நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட, 2018-இல் பெடரல் நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதற்கும் முன்னால், 2013-இல், சீன அரசுத் தொலைக்காட்சி ஃபோக்ஸ்வேகனின் டிஎஸ்ஜி என்ற டூயல் கிளட்ச் கியர்பாக்ஸின் கோளாறுகளைக் காட்டிய சூட்டோடு, அந்த நாட்டில் 3,84,181 வண்டிகளை அந்தக் கம்பெனி திரும்ப அழைத்தது. என் வண்டி இந்த இரண்டு கம்பெனிகளுடையதும் இல்லை. ஆனால் இதையெல்லாம் படித்த பிறகு, என் காலில் கோளாறு இல்லை என்ற தெம்பு வந்தது.

அதற்குப் பிறகு நான் கவனம் வைத்தது ஒரே விஷயத்தில்: கோளாறு அவர்கள் காகிதத்தில், அவர்கள் கையெழுத்தோடு பதிவாக வேண்டும். நாம் அனுப்பும் மெயில் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அது நம் பேச்சு மட்டும்தான். ஜாப் கார்டு அவர்கள் பேச்சு. பின்னால் ஆணையத்தில் எடை இருந்தது அந்தக் காகிதங்களுக்குத்தான்.

அடுத்த முறை வண்டியைச் சாயங்காலம் கொண்டுபோனேன். புகார்ப் பகுதியில் நான் சொல்லச் சொல்ல அதே வார்த்தைகளில் எழுதச் சொன்னேன்: "நெரிசலில் முதல் கியரில் உதறல், சூடு எச்சரிக்கை, வண்டி நகரவில்லை." அட்வைசர் முகத்தைச் சுளித்தார், ஆனால் எழுதினார். டெஸ்ட் டிரைவுக்கு அவர்கள் டெக்னீஷியனையே ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹோப் காலேஜ் சிக்னல் தாண்டுவதற்குள் அவர் கையிலேயே வண்டி உதறியது. பாவம், நல்ல பையன். "ஆமாங்க, ஜெர்க் இருக்குதுங்க" என்று அவரே சொல்லிவிட்டார். அதையும் கார்டில் ஏற்ற வைத்தேன்.

வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பிழைக் குறிகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றும் வாங்கினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, போனில் ப்ளூடூத் வழியாகப் பார்க்கலாம். விலை அதிகமில்லை. சர்வீஸ் சென்டரில் செய்கிற முதல் வேலையே பிழைக் குறிகளை அழிப்பதுதான். அழித்துவிட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஆகிவிடும். அதனால் வண்டியை விடுவதற்கு முன்னால் நானே படித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். பி0218 என்றால் கியர்பாக்ஸ் அளவுக்கு மேல் சூடாகியிருக்கிறது. பி0700 என்றால் கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பில் கோளாறு. இந்த இரண்டும் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறிகள் என்பதால் வேறு அர்த்தம் சொல்லித் தப்பிக்க முடியாது.

முதலில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டார்கள். பிறகு கிளட்சையே வாரண்டியில் மாற்றினார்கள். சில மாதம் சுகமாக ஓடியது. அப்புறம் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, பர்லியாறு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில், எச்சரிக்கை ஒலியோடு வண்டி இழுவையை விட்டுவிட்டது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் மட்டும் கத்துகிறது. பின்னால் ஊட்டி பஸ். ரெக்கவரி வண்டி வருவதற்குள் மனைவியும் குழந்தைகளும் சாலையோரச் சுவரில் உட்கார்ந்து இரண்டு பொட்டலம் மங்குஸ்தானைக் காலி பண்ணியிருந்தார்கள்.

அன்றைக்கு எனக்கு விஷயம் வேறாகிவிட்டது. உதறல் எரிச்சல்; மலைப்பாதையில் இழுவை போவது ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 110ஏ பிரிவின்படி, பாதுகாப்புக் குறை உள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்ல மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டியாக இருந்தால், சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் உரிமையாளரே குறையைப் பதியலாம். பதிந்தேன், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர்களையும் பதியச் சொன்னேன். அது தனி ஆளுக்குப் பணம் வாங்கித் தரும் இடம் கிடையாது. விற்ற வண்டிகளுக்கு எத்தனை புகார் என்ற கணக்கு சேருகிற இடம்.

கம்பெனியின் கடைசிப் பதில், "இது இந்தத் தொழில்நுட்பத்தின் இயல்பு." பதினேழு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய வண்டியின் இயல்பு, மலையேறும்போது நிற்பது! தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொன்னேன், தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள்; உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. வந்த பதிலில் வண்டி சரிசெய்யப்பட்டுவிட்டதாகக் கம்பெனி எழுதியிருந்தது. அப்போது வண்டி அவர்கள் ஷெட்டிலேயே பிரித்துப் போட்டபடி நின்றிருந்தது. அந்தப் பதிலையும் ஜாப் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த என் வக்கீல் ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

குழுவில் எஞ்சின் கோளாறுக்காரர்களும் உண்டு: கூலண்ட் குறைவது, மிஸ்ஃபயர், டர்போ. அவர்களுக்குக் கிடைக்கும் முதல் பதில் "பெட்ரோல் கலப்படம்." இதற்கு பங்க் பில்களைத் தேதிவாரியாக வைத்திருப்பதும், டேங்கிலிருந்து எடுக்கிற மாதிரியை இரு தரப்பும் பார்க்க சீல் வைத்து, அதில் ஒன்றைத் தங்களுக்கென்று கேட்டு வாங்கிக்கொள்வதும் உதவியது. இன்னொன்று, ஆயில் சர்வீஸ் குறித்த கிலோமீட்டருக்குள் நடந்ததற்கான பில். அது இல்லை என்றால் வாரண்டியை மறுக்க அவர்களுக்கு வேறு காரணமே வேண்டாம்.

சரி, ஆணையம். வண்டிக்குக் கொடுத்த விலை ஐம்பது லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம். பத்திலிருந்து இருபது லட்சம் வரை கட்டணம் 400 ரூபாய். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் அவர்கள்தான் இங்கே வரவேண்டும். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். "அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும்" என்று டீலர் இழுக்கும்போது ஓடுவது இந்தக் கெடுதான். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம், ஆனால் நான் வைத்துக்கொண்டேன். நுகர்வோர் ஆணையங்களில் ஆன்லைனில் புகார் தாக்கல் செய்யும் ஈ-ஜாக்ரிதி தளத்தில் எல்லாவற்றையும் ஏற்றினோம். டீலர், கம்பெனி இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்தோம். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிக்கொண்டே இருப்பார்கள்.

நான் கேட்டது புது வண்டி அல்லது முழுப் பணம். வக்கீல் முதல் நாளே சொல்லிவிட்டார், அது கிடைப்பது கஷ்டம் என்று. 2006-இல் மாருதி உத்யோக் வழக்கு ஒன்றில், அதுவும் கிளட்ச் கோளாறுதான், உச்ச நீதிமன்றம் வாரண்டியைப் படித்துவிட்டு, பழுதான பாகத்தை மாற்றித் தரும் கடமைதான் இருக்கிறது, வண்டியையே மாற்றத் தேவையில்லை என்றது. அலைச்சலுக்கு ஒரு தொகை கொடுக்கச் சொன்னது. வண்டியே மாற வேண்டும் என்றால் உற்பத்தியிலேயே குறை என்று நிபுணர் அறிக்கையோடு நிரூபிக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆணையம் பொருளைச் சோதனைக்கு அனுப்பலாம். ஆனால் சோதனைக் கட்டணத்தை முதலில் புகார்தாரர்தான் கட்ட வேண்டும். இது நியாயமாக எனக்குப் படவில்லை. பழுதான வண்டிக்கு ஈஎம்ஐ கட்டிக்கொண்டு, டாக்ஸிக்கும் கொடுத்துக்கொண்டு, அது பழுது என்று நிரூபிக்கவும் நானே கட்ட வேண்டுமாம்.

எதிர்தரப்பு பதில் தர முப்பது நாள், அதற்கு மேல் பதினைந்து நாள் சலுகை. அதைத் தாண்டக் கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதியாகச் சொல்லிவிட்டதால் பதில் கெடுவுக்குள் வந்தது. பதிலில் மறுபடியும் ஓட்டும் முறை. எங்கள் பக்கம் அவர்கள் டெக்னீஷியன் ஓட்டியபோதே உதறியது என்று அவர்களே எழுதிய கார்டு. ஒரு பொறியியல் கல்லூரியின் ஆட்டோமொபைல் துறை பேராசிரியரை நிபுணராக நியமிக்கக் கேட்டு மனுப் போட்டோம். கியர்பாக்ஸை வெளி ஆள் ஒருவர் திறந்து பார்க்கப் போகிறார் என்றதும் கம்பெனி வக்கீலின் குரல் இறங்கியது. அடுத்த வாய்தாவில் அவரே மத்தியஸ்தம் பேசலாமா என்றார்.

மத்தியஸ்தத்தில் நடந்தது எல்லாம் பேரம்தான். அவர்கள் கிளட்ச் மட்டும் என்று ஆரம்பித்தார்கள். முடிந்தது: கியர்பாக்ஸ் முழுவதும் கட்டுப்பாட்டு யூனிட்டோடு புதியது, அதற்குத் தனியாக நீட்டித்த வாரண்டி, டாக்ஸி பில்களுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்து ஒரு தொகை. குறையை ஒப்புக்கொள்கிறோம் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. மனைவிக்கு அதில் இன்னும் வருத்தம். எனக்கு அது இல்லாமலே போதும் என்று பட்டது, மேல்முறையீட்டுக்கு மாநில ஆணையம் வரை அலைவதை நினைத்தால்.

மத்தியஸ்தத்தில் தீர்வு வந்தால் தாக்கல் கட்டணத்தைத் திருப்பித் தர விதி உண்டு, கேட்டு வாங்குங்கள். பத்திரத்தில் பணம் வரவேண்டிய தேதியையும், தவறினால் வட்டியையும் எழுத வைத்தோம். வாரண்டி நீட்டிப்பு அடுத்த உரிமையாளருக்கும் செல்லும் என்ற வரியையும் சேர்த்தோம். விற்கும்போது அதுதான் விலை. புதுக் கியர்பாக்ஸின் சீரியல் எண்ணையும் எழுதச் சொன்னேன், ரிப்பேர் பண்ணிய பழைய பெட்டியைப் புதுசு என்று ஏற்றிவிடக் கூடாதல்லவா. கம்பெனி வக்கீல் சிரித்தார். வண்டியை எடுக்கப் போன அன்று லிஃப்டில் தூக்கச் சொல்லி, போன் டார்ச் அடித்து, எண்ணை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.