14 மில்லிமீட்டர் தாளை மீண்டும் சுட்டுப் பார்த்தேன்

இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் சுடுதளத்திலிருந்து திரும்பியபோது ஓர் இலக்குத் தாளை மட்டும் மடிக்காமல் சுருட்டி எடுத்து வந்தேன். 100 மீட்டரில் சுட்ட மூன்று துளைகள் அதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றுக்கொன்று மிகத் தள்ளியிருந்த இரண்டின் மையங்களுக்கு இடையே அளந்தபோது 14 மில்லிமீட்டர்தான் வந்தது. அந்தத் தொலைவில் ஒரு கோண நிமிடம், அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, 29 மில்லிமீட்டர் என்பதால், மெல்லிய குழல் கொண்ட ஒரு சாதாரண வேட்டை ரைஃபிள் அரை நிமிடத்துக்குள் சுட்டுவிட்டது என்று நம்பி, அந்த நம்பிக்கையிலேயே அடுத்த சில வாரங்களைக் கழித்தேன். அதை எப்படி இழந்தேன் என்பதுதான் இந்தக் குறிப்பு.

தோட்டாக்களை வீட்டில் நானே வெடிமருந்து நிரப்பித் தயாரிக்கிறேன். ரைஃபிள் .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கானது, குண்டு 165 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 10.7 கிராம். 1952-இல் வந்த இந்தத் தோட்டாவுக்குச் சோதித்து வெளியிடப்பட்ட மருந்து அளவுகள் ஏராளமாக இருப்பதால், ஒரு கையேட்டின் தொடக்க அளவில் ஆரம்பித்து, உச்ச அளவை எட்டாமல், சிறு படிகளாக மருந்தைக் கூட்டி ஐந்து தொகுதித் தோட்டாக்களை நிரப்பியிருந்தேன். மருந்தின் எடையை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு குழலுக்குப் பொருந்திய அளவு வேறொன்றில் ஆபத்தாக முடியலாம் என்பதற்கு என் சொந்தச் சான்றே கீழே வருகிறது. அன்று தொகுதிக்கு மூன்று வீதம் சுட்டதில் 41, 33, 14, 38, 29 மில்லிமீட்டர் என்று குரூப்புகள், அதாவது ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட துளைக் கூட்டங்கள், அமைந்தன. மூன்றாம் தொகுதிதான் இந்தக் குழலுக்குப் பிடித்தது என்று நோட்டில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் இட்டேன்.

அடுத்த முறை மூன்றாம் தொகுதியில் பத்து, மட்டமானது என்று நான் ஒதுக்கிய நான்காம் தொகுதியில் பத்து என்று இருபது தோட்டாக்களை மட்டும் கொண்டு சென்றேன். ஒரு தொகுதியை முழுவதுமாகச் சுட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்கினால், குழலின் சூடும் காற்றின் மாற்றமும் தோளின் களைப்பும் பிந்தைய தொகுதியின் தலையிலேயே விழும் என்பதால், இரண்டு தாள்களை அருகருகே ஒட்டி, இதில் ஒன்று அதில் ஒன்று என மாறி மாறிச் சுட்டேன். மருந்தறைக்குச் சற்று முன்னால் குழலில் விரல்களை வைத்து, பொறுக்கக்கூடிய சூடு வரும்வரை காத்திருந்ததால், இருபது சூடுகளுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பிடித்தது. நொடிக்கு நான்கைந்து மீட்டர் வேகத்தில் வீசும் குறுக்குக் காற்றே இந்தக் குண்டை 100 மீட்டரில் 2 சென்டிமீட்டர் அளவுக்குத் தள்ளிவிடும்; அன்று கொடிகள் அசையவே இல்லை.

மூன்றாம் தொகுதியின் பத்துத் துளைகள் 44 மில்லிமீட்டர். நான்காவதன் பத்துத் துளைகள் 42. தாள்களைப் பெயர் மறைத்து என்னிடம் கொடுத்திருந்தால், எது எந்தத் தொகுதி என்று என்னால் சொல்லியிருக்க முடியாது.

வீட்டுக்கு வந்து அமைதியாக யோசித்தபோது இதில் வியப்படைய ஒன்றுமில்லை என்று புரிந்தது. குரூப்பின் அகலத்தை மிக விலகிய இரண்டு துளைகள் மட்டுமே தீர்மானிக்கின்றன. இடையில் உள்ளவை எங்கே விழுந்தாலும் அந்த எண் மாறுவதில்லை. எனவே சுடுகளின் எண்ணிக்கை கூடக் கூட அகலமும் கூடியே தீரும்: அதே ரைஃபிள், அதே தோட்டா என்றாலும் பத்துச் சூட்டுக் குரூப் சராசரியாக மூன்று சூட்டுக் குரூப்பைப்போல் 1.6 மடங்கு இருக்கும். முதல் நாளின் ஐந்து குரூப்புகளின் சராசரி 31; அதை 1.6 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 50 வருகிறது, நான் பத்துச் சூட்டில் கண்டதற்கு அது வெகுதொலைவில் இல்லை. ஆக, ஐந்து தொகுதிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சுட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று தற்செயலாக 14 ஆக விழ, நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபும் இதே பாடத்தைத்தான் நடத்தியது. முதல் நாள் மூன்றாம் தொகுதியின் வேகத்தில் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றிய சிதறலின் அளவு) நொடிக்கு 3 மீட்டர் என்று காட்டிய அதே கருவி, பத்துச் சூடுகளுக்குப் பிறகு 8 என்றது. ஐந்து சூடுகளிலிருந்து கணக்கிடும் திட்ட விலக்கமே, 95 விழுக்காடு நம்பக வரம்பில் பார்த்தால், உண்மையில் அதன் 0.6 மடங்காகவோ 2.9 மடங்காகவோ இருக்க இடமுண்டு. மூன்று சூடுகளை வைத்துப் பெருமை பேசியதற்கு என்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும். இனி இந்த ரைஃபிளுக்கு மூன்றாம் தொகுதியின் அளவையே வைத்துக்கொள்கிறேன், ஆனால் காரணம் வேறு: துல்லியம் ஒன்றாகவே இருக்கும்போது அழுத்தம் குறைந்ததைத் தேர்வது நல்லது.

தோட்டாவைக் குறை சொல்லுமுன் சுடுபவனையும் சோதிக்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால், அவரே எனக்குத் தெரியாமல் மருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டாக்களைக் கலந்து ஒவ்வொன்றாக ஏற்றித் தந்தார். நான்காவது முறை விசையை அழுத்தியபோது வெறும் "டிக்" என்ற ஒலிதான் கேட்டது. குழலின் முனையோ, உதை வந்ததாகவே எண்ணிக்கொண்டு, மணல் மூட்டையின் மேல் கண்ணுக்குத் தெரியும்படி கீழே குனிந்தது. ஸ்கோப்பின் குறுக்குக் கோடு தாளை விட்டே இறங்கியதைப் பார்த்தபின் வாதம் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. அன்றைய மீதி நேரம் முழுவதும் போலித் தோட்டாக்களோடுதான் கழிந்தது, பயனுள்ள நேரம்தான்.

என் இரண்டாவது ரைஃபிள் 6.5×55 தோட்டாவுக்கானது. மேலே சொன்ன ஆபத்துக்கு இது தந்த சான்று கசப்பானது. வழக்கமாகப் பயன்படுத்தும் பித்தளைக் கூடுகள் தீர்ந்துவிட்டதால் வேறொரு தயாரிப்பின் கூடுகளில் பழைய அளவையே நிரப்பினேன். உறுப்பு எது மாறினாலும் மருந்தைக் குறைத்து மறுபடி கீழிருந்து ஏற வேண்டும் என்பது எனக்குத் தெரியாததன்று, வெறும் சோம்பல். முதல் இரண்டு சூடுகளிலேயே வேகம் நொடிக்கு 15 மீட்டர் கூடுதலாகக் காட்டியது. அதைப் பார்த்துக் கைகளை எடுத்திருக்க வேண்டிய நான், கருவி வெயிலில் தடுமாறுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது சூட்டுக்குப் பிறகு குழலின் பின்புறத்தை மூடும் போல்ட்டின் கைப்பிடி வழக்கம்போல் எழவில்லை. உள்ளங்கையால் தட்டித்தான் தூக்க முடிந்தது. வெளியே வந்த கூட்டின் அடிப்பகுதியில், கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் முளையின் வட்டம் புதுநாணயம்போல் பளபளத்தது. பிரைமரின் விளிம்பு வளைவு மறைந்து தட்டையாகியிருந்தது.

அங்கேயே நிறுத்தினேன். வீட்டில் எடைபோட்டுப் பார்த்ததில் புதிய கூடுகள் பழையவற்றைவிடத் தெளிவாகக் கனமாக இருந்தன. வெளியளவு ஒன்றே என்றால் கூடுதல் பித்தளை சுவரின் தடிமனில்தான் இருக்க வேண்டும். உள்ளே இடம் குறைய, அதே மருந்து கூடுதல் அழுத்தத்தை உண்டாக்கியிருக்கிறது. 6.5×55-க்கு ஐரோப்பியத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 380 மெகாபாஸ்கல், .308-க்கு 415, ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் அலட்சியம் காட்டக்கூடாது. இன்னொன்று: பிரைமரும் போல்ட்டும் காட்டும் இந்த அறிகுறிகள் பெரும்பாலும் வரம்பு கடந்த பிறகுதான் தெரிகின்றன, அவை தெரியவில்லை என்பதால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. கணக்குக்கு மேல் வரும் வேகத்தை இனி இலவசமாகக் கிடைத்த பரிசாக எண்ண மாட்டேன். மீதமிருந்த பதினேழு தோட்டாக்களையும் குண்டு பிரிக்கும் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரிக்க ஒரு மாலை முழுவதும் ஆயிற்று.

இவற்றுக்கு நடுவே நான் உருப்படியாகச் செய்ததாகக் கருதுவது ஒரே ஒரு தாள். வேட்டையில் பத்தாவது சூடு என்று எதுவும் இல்லை. ஆறிய குழலிலிருந்து புறப்படும் முதல் குண்டுதான் கணக்கு. ஆகவே ஒவ்வொரு முறை சென்றதும், வேறெதுவும் சுடுவதற்கு முன், .308-இல் ஒரே ஒரு தோட்டாவைப் புள்ளியில் சுட்டுத் தாளைக் கழற்றிப் பத்திரப்படுத்துகிறேன். அடுத்த முறை அதே தாள் மீண்டும் ஏறுகிறது. முதல் துளை மட்டும் 35 மில்லிமீட்டர் மேலே இருக்கிறது. அன்று குழலைச் சுத்தம் செய்து எண்ணெய்ப் படலத்தைத் துடைக்காமலே கொண்டு போயிருந்தேன். அதன்பின் சுத்தம் செய்த குழலில் இரண்டு சூடு விட்டபிறகே பையில் வைக்கிறேன், அடுத்த மூன்று துளைகளும் புள்ளியைச் சுற்றி ஒரு தீப்பெட்டிக்குள் அடங்குகின்றன. பத்துத் துளைகள் சேரும்வரை இதற்கு அகலம் அளக்கப்போவதில்லை. இன்னும் ஆறு முறை போக வேண்டும்.