சுருங்கிய முட்டை: வாசனைத் தடயம் பிடிபட்டுவிட்டது

வாசனைத் தடயம் வேலை செய்கிறது! 'சுருங்கிய முட்டை' என்று குழந்தைகளுக்காக நான் எழுதி வரைந்துகொண்டிருக்கும் துப்பறியும் படக்கதையைத்தான் சொல்கிறேன். நான்காம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளிடம் அதன் டம்மியை, அதாவது மாதிரிப் புத்தகத்தை, கொடுத்தேன். மடமடவென்று படித்துக்கொண்டு போனவள் பதினோராம் பக்கத்தில் நின்றுவிட்டாள். "சித்தி, மரத்துல பாம்புக்கோடே இல்லையே! அப்ப அது ஏறவே இல்லையா?" என்றாள். கதையில் துப்பறியும் நாய் மணி அதைக் கண்டுபிடிப்பது பதின்மூன்றாம் பக்கத்தில்தான். துப்பறிவாளரைக் குழந்தை இரண்டு பக்கம் முந்திவிட்டது. இத்தனை நாள் நான் மாங்கு மாங்கென்று வேலை செய்தது அந்த இரண்டு பக்கத்துக்காகத்தான்.

வழக்கு இதுதான். டீக்கடை வேப்பமரத்தில் காகம் கூடு கட்டியிருக்கிறது. "என் முட்டைகளில் ஒன்று சுருங்கிவிட்டது" என்று ஒரு நாள் புகார் சொல்கிறது. எண்ணிக்கை குறையவில்லை என்பதால் யாரும் நம்பவில்லை. டீக்கடை நாய் மணியும், மரமேறும் வேலையைப் பார்த்துக்கொள்ளும் அணில் கொய்யாவும் விசாரணையில் இறங்குகிறார்கள். சந்தேகம் மூன்று பேர் மேல்: சாரைப்பாம்பு, செம்போத்து, குயில். முதல் இரண்டும் முட்டை தின்னக்கூடியவை. குயில் தப்பிக்க நல்ல சாட்சி இருக்கிறது. சம்பவ நேரத்தில் அது தெருக்கோடிப் புளியமரத்தில் கூவியதை ஊரே கேட்டிருக்கிறது. காகங்கள் இரண்டும் அதைத் துரத்திக்கொண்டுதான் போயிருந்தன.

விடை நமக்குத் தெரிந்ததுதான். கூவியது ஆண் குயில். கூட்டுக்குள் நுழைந்தது பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பெண் குயில். ஆண் கூவிக் காகங்களை இழுத்துக்கொண்டு போக, பெண் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். சில சமயம் காகத்தின் முட்டை ஒன்றை அப்புறப்படுத்திவிட்டு இடும். குயிலின் முட்டை காக்கை முட்டையைவிடச் சிறியது, நிறத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். கூட்டாளி, பொய்ச்சாட்சி, மாற்றி வைத்த பொருள் என்று மர்மக்கதைக்கு வேண்டிய எல்லாவற்றையும் குயில்களே செய்து வைத்திருக்கின்றன. நாம் வரிசைப்படுத்தினால் போதும்.

ஆனால் துப்பறிவது நாய். அங்கேதான் சிக்கல். நாய் மூக்கால் யோசிக்கும், படிக்கிற குழந்தைக்குக் கையில் இருப்பது காகிதம். "மணி மோந்து பார்த்தது, அதற்கு எல்லாம் புரிந்துவிட்டது" என்று எழுதினால் வேலை முடிந்துவிடும், ஆனால் அது குழந்தையை ஏமாற்றுவது. ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதினார். துப்பறிவாளர் கண்டெடுக்கும் தடயத்தை உடனே வாசகரிடமும் காட்டிவிட வேண்டும் என்பது எட்டாவது விதி. விலங்குகள் துப்பறியும் குழந்தைக் கதைகளில் அதிகம் மீறப்படுவது இதுதான் என்று நினைக்கிறேன். சின்னப் பிள்ளைகள்தானே, கேட்கமாட்டார்கள் என்ற அலட்சியம். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஒன்பது வயதுக் குழந்தை படத்தில் ஒரு புள்ளி விடாமல் பார்க்கும், பெரியவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை.

அதனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு விரல் அகலத்துக்கு 'வாசனைப் பட்டை' வைத்தேன். மணியின் மூக்கு அந்த இடத்தில் எதை உணர்கிறதோ அது பட்டையில் கோடாக ஓடும். பாம்புக்கு நெளிகோடு, செம்போத்துக்குச் சின்னச் சின்ன அம்புக்குறி, கொய்யாவுக்கு மூன்று இணைகோடு, காகத்துக்குப் புள்ளிவரிசை. பழைய வாசனை மெல்லிய கோடு, புதிய வாசனை தடித்த கோடு. நடந்து போன திசையில் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும். இதை நானாக இட்டுக்கட்டவில்லை. மனிதர் நடந்த தடத்தில் ஐந்து காலடிகளை மோந்தாலே அவர் எந்தப் பக்கம் போனார் என்று பயிற்சி பெற்ற நாய்கள் கண்டுபிடித்துவிடும் என்று சோதனையில் பார்த்திருக்கிறார்கள். ஒரு காலடிக்கும் அடுத்ததற்கும் நடுவே வாசனை மாறுகிற அந்தத் துளி வித்தியாசம் நாய்க்குப் போதும்.

இன்னொரு விஷயம், நாய் மூச்சு விடும்போது காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாகப் பின்பக்கமாகப் போகும். முன்னால் இருக்கும் வாசனை கலையாது. ஏழாம் பக்கத்தில் மணி வேருக்கருகில் மோப்பம் பிடிக்கும் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். மூக்குக்கு நேர் எதிரே இருக்கும் வேப்பம்பூ அசையாமல் கிடக்கும், கன்னத்தின் இருபுறமும் தூசி பின்னோக்கிச் சுருளும். நாய் வளர்ப்பவர்கள் பார்த்தால் தெரிந்துகொள்வார்கள்.

பட்டை போட்டாயிற்று. ஆனால் இந்த வழக்கின் முக்கியத் தடயம் ஒரு வாசனை இல்லாமல் போவது. இருப்பதை வரையலாம், இல்லாததை எப்படி வரைவது? வெறும் பட்டையை விட்டால், பக்கத்தில் அச்சு விழவில்லை என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். நான் கண்ட வழி பழக்கப்படுத்துவதுதான். முதல் ஐந்து பக்கங்களில் நெளிகோட்டை எல்லா இடத்திலும் ஓடவிட்டேன். கடை வாசல், சாக்கடை ஓரம், விறகுக்கட்டு என்று எங்கே போனாலும் பாம்புக்கோடு. குழந்தை அதைத் தேடிப் பார்க்கப் பழகிவிடும். பத்தாம் பக்கத்தில் கோடு வேப்பமரத்தை நோக்கி நேராக வந்து, அடிமரத்தை நெருங்கும் முன் எலிவளைப் பக்கம் திரும்பிவிடும். அம்புக்குறிகள் வேலியோடு நின்றுவிடும். எதிர்ப்பக்கத்தில் அடிமரம். அங்கே பட்டையில் கொய்யாவின் மூன்று கோடு மட்டும். ஒரே ஒருவரின் கோடு இருப்பதால் மற்றவை இல்லாதது கண்ணில் படுகிறது! முழுவதும் காலியாக விட்டபோது இது நடக்கவில்லை.

செம்போத்தை விலக்க ஒரு உண்மை உதவியது. அது நன்றாகப் பறக்காது. தரையில் நடந்து திரியும், புதருக்குள் நுழைந்து கிளைக்குக் கிளை தாவி மேலே ஏறும். மரத்தில் ஏறியிருந்தால் அடியில் வாசனை இருந்திருக்கும். குயிலோ தரையில் இறங்குவதே அரிது. ஆகவே வந்தது வான்வழி. இதற்கு மேல் மணி சொல்லவே வேண்டாம்.

காகித விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் டம்மியை அடித்துக் கொடுத்த கடையில் நான் கேட்ட 120 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாளுக்குப் பதிலாக மெல்லிய 80-ஐப் போட்டுவிட்டார்கள். என்ன ஆகும்? பத்தாம் பக்கத்து நெளிகோடு காகிதத்தைத் தாண்டி ஒன்பதாம் பக்கத்தில் தெரியும். பன்னிரண்டாம் பக்கத்துக் கோடு பதினோராம் பக்கத்து அடிமரப் பட்டையில் நிழலாய்த் தெரியும். இல்லாத தடயம் இருப்பதாகிவிடும், வழக்கே கெட்டுப்போகும். சாதாரணக் கதைப்புத்தகத்துக்கு இது பெரிய குற்றமில்லை, எனக்கு வயிறு எரிந்தது. இப்போது சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாளை நானே வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்து அச்சுக்குக் கொடுக்கிறேன். வழவழப்புப் பூச்சு இல்லாத மேப்லித்தோ தாளே போதும். வழவழப்பான ஆர்ட் தாளில் கலர் பென்சில் பிடிக்காது, திருத்தம் செய்ய முடியாது. தாள்களை மடித்து நடுமடிப்பில் சென்டர் பின் அடிப்பதால் பக்கங்கள் நான்கின் மடங்கில் இருக்க வேண்டும். என்னுடையது 24. தடித்த தாளில் அதற்கு மேல் போனால் நடுப்பக்கம் பிதுங்கும்.

வண்ணத்திலும் ஒரு முடிவு எடுத்தேன். மணியின் கண்வழியாகத் தெரியும் படங்களில் நீலம், மஞ்சள், பழுப்பு, சாம்பல் மட்டுமே. நாய்க்குச் சிவப்பும் பச்சையும் நம்மைப்போலப் பிரித்துத் தெரியாது. காகம் "சிவப்புக் கண் ஒன்றைப் பார்த்தேன்" என்று சாட்சி சொல்கிறது. செம்போத்துக்கும் கண் சிவப்பு, குயிலுக்கும் சிவப்பு. மணிக்கு அந்த வார்த்தையே விளங்காது. அது கொய்யாவைப் பார்க்கும். கொய்யாவோ, "எனக்கும் தெரியாது மணியண்ணே, காக்கையம்மாதான் சொல்லணும்" என்கிறது. நிறத்துக்கு சாட்சி சொல்ல பறவைகளை விட்டால் ஆள் கிடையாது. இந்த உரையாடல்தான் இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது.

அடுத்த வழக்குக்கும் குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டேன். கிணற்றின் மேல் தொங்கும் பாதிக் கட்டிய தூக்கணாங்குருவிக் கூடுகள்: கட்டியவர் ஏன் விட்டுவிட்டுப் போனார்? பெண் குருவி வந்து பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் ஆண் அதை அப்படியே விட்டுவிட்டு வேறொன்று கட்டத் தொடங்கும். கூட்டுக்குள் ஒட்டிவைக்கும் களிமண் உருண்டையைத் தடயமாக்கலாம். அதற்குத் துப்பறிவாளராக வௌவாலை வைத்து ஒலிப்பட்டை போட ஆசை. பூச்சி தின்னும் வௌவாலாக இருக்க வேண்டும். ஆலமரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னி எதிரொலியால் வழி கண்டுபிடிப்பதில்லை, கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் பறக்கும்.

அதற்கு முன் இருபத்திரண்டாம் பக்கம் பாக்கி. குற்றவாளி தெரிந்தபின் காகம் என்ன செய்யும்? குயிலைக் கெட்டவளாக்கித் தண்டிக்க எனக்கு மனமில்லை, அது அதன் வாழ்முறை. மன்னிப்புக் காட்சி வைத்தால் பொய்யாகிவிடும். குயில்குஞ்சு காக்கைக் குஞ்சுகளுக்கு முன்பே பொரித்துவிடும், அது வாயைத் திறந்ததும் காகம் ஊட்டும். மணி வழக்கை முடித்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காகம் பாதியில் இரை தேடப் பறந்துபோகும்படி வரைந்து பார்க்கப் போகிறேன். பட்டையில் அந்தப் பக்கத்துக்குக் காகத்தின் புள்ளிவரிசையும், இதுவரை வராத ஒரு புதுக்கோடும். அந்தக் கோட்டுக்கு வடிவம் முடிவாகவில்லை. குஞ்சுக்கு முட்டைவாசனை என்பதால் சின்ன வட்டங்களாகப் போடலாமா என்று பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வருகிறாள், இரண்டு மாதிரி வரைந்து வைத்து அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்.